கணித மேதை டேக்கார்ட்

அறிஞர் பெருமக்கள் தம் அறிவின் பயனை உலகிற்கு அளிக்கும் வழிகள் பலவாகும். சிலர் தாம் கண்டதை உடனே நூலாக்கி வெளியிடுவர். சிலர் மாணாக்கர் வாயிலாகப் பரப்புவர். வேறு சிலரோ, கண்டதை ஏட்டில் குறித்து வைத்துவிட்டுப் பிறிதொன்றில் கருத்தைச் செலுத்திவிடுவர். அங்ஙனம் குறித்து வைக்கப்பெற்ற உண்மை ஒன்று, எழுதியவர் மறைந்த பின்னர் ஆற்று நீரில் மூழ்கியது, மீட்கப்பெற்றது, மற்றோர் அறிஞரால் படியெடுக்கப்பெற்றது, அதன் பின்னரும் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அறியாமல் உறங்கிக் கிடந்தது. 1860ஆம் ஆண்டிலேதான் அஃது அச்சேறி உலகின் கண்களுக்குப் புலனாயிற்று. அவ்வுண்மையைக் கண்டவர் பிரான்சு நாட்டுப் பேரறிஞர் ரெனே டேக்கார்ட் ஆவார். மெய்ப்பொருள் ஆராய்ச்சியிலும் கணிதத்திலும் ஒருங்கே புகழ்பெற்ற அப்பெரியாரின் வரலாறு, ஐயத்தை அறிவின் வாயிலாக்கிக் கொண்ட ஒருவரின் வரலாறாகும்.

பிறப்பும் இளமையும்

பிரான்சு நாட்டில் தூரேன் என்னும் வளம் மிக்க பகுதியிலே லா ஏ என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூரில் 1596ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் டேக்கார்ட் பிறந்தார். அவர் பிறந்த பெருமையினால் அவ்வூர் பிற்காலத்தில் அவர் பெயரையே தன் பெயராகக் கொண்டது. தந்தையார் யோவாக்கிம், பிரிட்டனி மாநிலத்து உயர்மன்றில் ஆலோசகராக இருந்தவர். குழந்தைக்கு வயது ஒன்று நிரம்பிச் சின்னாள் கழிவதற்குள் அன்னையார் இறந்துவிட்டார். தாயை இழந்த குழந்தை பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தது.

இளமையில் டேக்கார்ட் மெலிந்த உடலினர்; வறட்டு இருமலால் வருந்தியவர். நெடுநாள் வாழமாட்டார் என்றே மருத்துவர் பலரும் கருதினர். உரிய வயதில் அவரை லா பிளேசு என்னும் ஊரில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியில் சேர்த்தனர். அக்கல்லூரியின் தலைவர் அவருடைய உடல்நிலையைக் கண்டு இரங்கி, காலையில் நெடுநேரம் படுக்கையில் இருக்க இசைவு தந்தார். மற்ற மாணவர் அதிகாலையில் எழுந்து பாடத்திற்கு விரையும்போது, இவர் படுத்தவாறே சிந்தனையில் ஆழ்ந்திருப்பார். காலைப்பொழுதைச் சிந்தனைக்கு உரியதாக்கிக் கொள்ளும் இப்பழக்கம் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

கல்லூரியில் இலக்கியம், வரலாறு, தருக்கம், சமயம் முதலிய கலைகள் பலவற்றையும் அவர் கற்றார். கற்கக் கற்க அவர் உள்ளத்தில் ஐயங்களே பெருகின. ஒரே பொருளைப் பற்றி அறிஞர் பலர் பலவாறு கூறுதலையும், ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுத்தலையும் கண்டு அவர் மனம் அமைதியுறவில்லை. கணிதம் ஒன்றே அவருக்கு ஆறுதல் அளித்தது. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களாகும் என்னும் உண்மையை எந்நாட்டவரும் எக்காலத்தவரும் மறுத்தல் இயலாது. அத்தகைய உறுதி ஏனைய அறிவுத்துறைகளுக்கும் ஏன் வாய்த்தலாகாது? இவ்வினாவே அவர் வாழ்க்கையை நடத்திச் சென்றது.

படையிற் சேர்ந்த அறிஞர்

1616ஆம் ஆண்டில் போத்தியே பல்கலைக்கழகத்தில் சட்டத்தேர்வில் வெற்றி பெற்றார் டேக்கார்ட். ஆயினும் வழக்கறிஞராக அவர் விரும்பினாரல்லர். ஏடுகளிற் கற்றது போதும், இனி உலகம் என்னும் பெருநூலைக் கற்போம் என்று எண்ணி, 1618ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு மாரீசு இளவரசரின் படையில் தாமே விரும்பிச் சேர்ந்தார். அப்படை அப்பொழுது பிரேடா நகரில் தங்கியிருந்தது. அங்கே ஐசக் பீக்மன் என்னும் அறிஞரின் நட்பு அவருக்கு வாய்த்தது. இயற்கை நிகழ்ச்சிகளைக் கணிதத்தால் விளக்க முயன்றவர் பீக்மன். அவருடைய கூட்டுறவால், சோம்பியிருந்த இளைஞரின் அறிவு மீண்டும் சுடர்விட்டது.

அடுத்த ஆண்டு செருமானிய நாட்டிற்குச் சென்ற டேக்கார்ட், குளிர்காலத்தின் தொடக்கத்தில் கணப்பினால் வெம்மையூட்டப்பெற்ற அறையொன்றில் தனித்துத் தங்கினார். 1619ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள் முழுவதும் சிந்தனையில் கழிந்தது. அன்றிரவு அவர் மூன்று கனவுகள் கண்டார். அறிவுத்துறைகள் அனைத்தையும் ஒரே முறையால் இணைத்து, உறுதியான அடிப்படைமீது கட்டுதலே தம் கடமை என்னும் துணிவு அன்று அவருக்குப் பிறந்தது.

அம்முறையை அவர் பிற்காலத்தில் நான்கு விதிகளாக வகுத்தார். ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகத் தோன்றும் ஒன்றையன்றி வேறெதனையும் உண்மையென ஏற்றலாகாது என்பது முதல் விதி. அரிய சிக்கலை இயன்றவரை சிறுசிறு கூறுகளாகப் பிரித்து ஆராய்தல் வேண்டும் என்பது இரண்டாவது. எளியவற்றில் தொடங்கிப் படிப்படியாக அரியவற்றை நோக்கிச் செல்லுதல் வேண்டும் என்பது மூன்றாவது. எதுவும் விடுபடவில்லை என்று உறுதிப்படுமாறு முழுமையாக எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது நான்காவது. கேட்பதற்கு எளியனவாகத் தோன்றும் இந்நான்கும் செயலில் கடைப்பிடித்தற்கு அரியன.

திண்மங்களின் இரகசியம்

இம்முறையின் ஆற்றலை அறிதற்கு, டேக்கார்ட் திண்ம உருவங்களைப் பற்றி எழுதி வைத்த சிறு குறிப்பு ஒன்றே போதும். தட்டையான முகங்களால் சூழப்பெற்ற உருவத்தைப் பன்முகத் திண்மம் என்பர். அதன் முகங்கள் இரண்டு சேருமிடம் விளிம்பு. விளிம்புகள் பல கூடுமிடம் முனை. பண்டைக் கிரேக்கர் இத்திண்மங்களைப் பெரிதும் ஆராய்ந்தனர். 1525ஆம் ஆண்டில் செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர், தாளில் வரைந்து வெட்டி மடித்துத் திண்மமாக்கும் விரிவுப் படங்களைத் தம் நூலில் அச்சிட்டிருந்தார். ஆயினும் எல்லாத் திண்மங்களுக்கும் பொதுவாய் அமைந்த விதி ஒன்று அவற்றின் முனைகளில் மறைந்திருப்பதை ஒருவரும் எடுத்துக் கூறவில்லை. அதனைக் கண்டு எழுதியவர் டேக்கார்ட்.

அவ்விதியை அறிய அரிய கருவிகள் வேண்டுவதில்லை. சற்றுத் தடித்த தாள், கத்தரிக்கோல், பசை, கோணமானி ஆகியவையே போதும். தாளில் ஒரு புள்ளியைக் குறித்து, அதனைச் சுற்றியுள்ள கோணத்தை அளந்தால், அது 360 பாகையாக இருக்கும். அப்புள்ளியிலிருந்து ஆப்பு வடிவாக ஒரு துண்டை வெட்டி நீக்கிவிட்டு, வெட்டிய இரு ஓரங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டினால் தாள் தட்டையாக இராது. அப்புள்ளி மேலெழுந்து முனையாகும். சிறிய துண்டை நீக்கினால் முனை மழுங்கியிருக்கும். பெரிய துண்டை நீக்கினால் கூர்மையாக இருக்கும். எனவே, நீக்கிய கோணமே முனையின் கூர்மைக்கு அளவுகோலாகும். முனையில் கூடும் முகக்கோணங்களைக் கூட்டி 360 பாகையிலிருந்து கழித்தால் கிடைப்பதும் இதுவே. இதனைக் கோணக் குறை எனலாம்.

எளியதில் தொடங்க வேண்டும் என்பதன்றோ மூன்றாம் விதி? எல்லாரும் அறிந்த கனசதுரத்தை முதலில் கொள்வோம். தாளில் ஆறு சதுரங்களைச் சிலுவை வடிவில் வரைந்து வெட்டி மடித்தால் கனசதுரம் அமையும். அதன் ஒவ்வொரு முனையிலும் மூன்று செங்கோணங்கள் கூடுகின்றன. அவற்றின் தொகை 270 பாகை. ஆதலின் குறை 90 பாகை. முனைகள் எட்டு, குறைகளின் மொத்தம் 720 பாகை.

அடுத்து, நான்கு சமபக்க முக்கோணங்களால் ஆகிய நான்முகியைச் செய்து பார்க்கலாம். ஒரு முனையில் 60 பாகைக் கோணங்கள் மூன்று கூடுகின்றன, தொகை 180, குறையும் 180. முனைகள் நான்கு, மொத்தம் மீண்டும் 720 பாகை. எட்டு முக்கோணங்களால் ஆகிய எண்முகியில் ஒரு முனையில் நான்கு முக்கோணங்கள் கூடுவதால் குறை 120 பாகை, முனைகள் ஆறு, மொத்தம் 720. ஐங்கோணங்கள் பன்னிரண்டால் ஆகிய பன்னிருமுகியில் ஒரு முனையில் 108 பாகைக் கோணங்கள் மூன்று கூடுகின்றன, குறை 36 பாகை, முனைகள் இருபது, மொத்தம் 720. முக்கோணங்கள் இருபதால் ஆகிய இருபதுமுகியில் ஒரு முனையில் ஐந்து முக்கோணங்கள் கூடுகின்றன; குறை 60 பாகை; முனைகள் பன்னிரண்டு; மொத்தம் அதே 720.

இவை யாவும் ஒழுங்கான உருவங்கள். ஆதலால் இவ்வாறு அமைந்தன என்று ஒருவர் ஐயுறலாம். ஐயுறுதல் நன்றே, அதுவே டேக்கார்ட் காட்டிய நெறி. ஒரு சதுரத்தின்மேல் நான்கு சமபக்க முக்கோணங்களைச் சாய்த்து ஒட்டிக் கூர்ங்கோபுரம் ஒன்று செய்தால், உச்சிமுனையில் குறை 120 பாகை. அடிமுனை ஒவ்வொன்றிலும் ஒரு செங்கோணமும் இரண்டு 60 பாகைக் கோணங்களும் கூடித் தொகை 210 ஆவதால் குறை 150 பாகை. அடிமுனைகள் நான்கிற்கும் 600. உச்சியின் 120 சேர, இங்கும் 720 பாகையே. முனைகள் ஒன்றுபோல் இல்லாவிடினும் மொத்தம் மாறவில்லை.

இன்னும் ஐயம் தீராதவர் கனசதுரத்தின் ஒரு மூலையை வெட்டிப் பார்க்கலாம். மூலையில் கூடும் மூன்று விளிம்புகளிலும் ஒரே தொலைவில் புள்ளிகளைக் குறித்து வெட்டினால், பழைய முனை மறைந்து அங்கே சிறு முக்கோண முகம் ஒன்று தோன்றும். இழந்த முனை ஒன்று. அதன் குறை 90 பாகை. புதிதாய்ப் பிறந்த முனைகள் மூன்று. அவை ஒவ்வொன்றிலும் 135 பாகைக் கோணங்கள் இரண்டும் 60 பாகைக் கோணம் ஒன்றும் கூடுகின்றன, தொகை 330, குறை 30 பாகை. மூன்று முனைகளுக்கும் சேர்ந்து 90 பாகை. தந்தை விட்டுச் சென்ற நிலத்தை மக்கள் மூவரும் சமமாகப் பங்கிட்டுக் கொண்டது போல, பழைய முனையின் குறையைப் புதிய முனைகள் மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. நிலத்தின் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதுவே டேக்கார்ட் கண்ட விதி. குழிவும் ஊடுருவிய துளையும் இல்லாத பன்முகத் திண்மம் எதுவாயினும், அதன் கோணக் குறைகளின் மொத்தம் எட்டுச் செங்கோணங்களாகும். அதாவது 720 பாகை. முனைகள் சிலவாயின் ஒவ்வொன்றும் கூரியதாக இருக்கும். பலவாயின் ஒவ்வொன்றும் மழுங்கிப் பந்தினை ஒத்திருக்கும். ஆயினும் எல்லா முனைகளும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் செல்வம் ஒன்றே.

தள உருவங்களில் இதற்கு ஒப்பான உண்மை ஒன்றுண்டு. பலகோண வடிவான வயலின் வரப்பின்மேல் ஒருவன் சுற்றிவருவானாயின், மூலைதோறும் சிறிது திரும்புகின்றான். புறப்பட்ட இடத்தை அடைந்து முதலில் நின்ற திசையை நோக்கி நிற்கும்போது, அவன் திரும்பிய கோணங்களின் மொத்தம் சரியாக நான்கு செங்கோணங்களாகும். மூலைகள் மூன்றாயினும் முப்பதாயினும் இதில் மாற்றமில்லை. தளத்தில் நான்காக இருப்பது திண்மத்தில் எட்டாகின்றது என்பதைக் கண்டு, இரண்டையும் இணைத்துக் காட்டினார் டேக்கார்ட்.

இவ்விதியிலிருந்து மேலும் பயன்கள் விளைந்தன. முனைகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கி எட்டைக் கழித்தால், திண்மத்தின் முகக்கோணங்கள் அனைத்தும் சேர்ந்து எத்தனை செங்கோணங்கள் ஆகும் என்பது தெரியும். கனசதுரத்தில் நாலெட்டு முப்பத்திரண்டில் எட்டுப் போக எஞ்சுவது இருபத்துநான்கு. ஆறு சதுரங்களிலும் உள்ள செங்கோணங்கள் இருபத்துநான்கே. மேலும், ஒழுங்கான திண்மங்கள் ஐந்துக்கு மேல் ஏன் இல்லை என்பதும் விளங்குகின்றது. ஒரு முனையில் சமபக்க முக்கோணங்கள் மூன்று, நான்கு, ஐந்து கூடலாம். சதுரங்கள் மூன்று கூடலாம். ஐங்கோணங்கள் மூன்று கூடலாம். ஆறு முக்கோணங்களோ, நான்கு சதுரங்களோ, மூன்று அறுகோணங்களோ கூடினால் 360 பாகை நிரம்பிவிடுகின்றது. குறையில்லாத இடத்தில் முனை எழாது. தாள் தரையிற் பரப்பியதுபோல் தட்டையாகவே கிடக்கும்.

ஒல்லாந்து வாழ்க்கை

1628ஆம் ஆண்டில் டேக்கார்ட் ஒல்லாந்து நாட்டிற்குக் குடிபெயர்ந்தார். அமைதியாகச் சிந்திக்க ஏற்ற இடம் அதுவே என்று கருதி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தார். ஓரிடத்தில் நிலையாகத் தங்காமல் ஊர்விட்டு ஊர் மாறினார். உலகின் தோற்றத்தையும் இயக்கத்தையும் விளக்கும் பெருநூல் ஒன்றை எழுதி வெளியிடும் நிலையில் இருந்தபோது, 1633ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் கலிலியோ தண்டிக்கப்பெற்ற செய்தி வந்தது. பூமி கதிரவனைச் சுற்றுகின்றது என்னும் கருத்து டேக்கார்ட்டின் நூலிலும் இருந்தது. அவர் அந்நூலை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1664ஆம் ஆண்டிலேதான் அஃது அச்சேறியது. உண்மையைக் கண்டும் சொல்ல அஞ்ச வேண்டிய காலம் அது.

1637ஆம் ஆண்டில் லைடன் நகரில், தம் முறையைப் பற்றிய நூலை டேக்கார்ட் தம் பெயரைக் குறியாமலே வெளியிட்டார். கற்றோர் மொழியான இலத்தீனில் எழுதாது, பொதுமக்களும் படிக்கத் தம் தாய்மொழியாகிய பிரெஞ்சில் எழுதினார். அதனோடு இணைந்து வெளிவந்த மூன்று பகுதிகளுள் ஒன்று வடிவக் கணிதம். கோடுகளையும் வளைகோடுகளையும் சமன்பாடுகளால் ஆராயும் வழியை அது காட்டியது. அதுகாறும் தனித்தனியே நின்ற இயற்கணிதமும் வடிவக் கணிதமும் கைகோத்தன. தெரியாத அளவுகளை எக்ஸ், ஒய், இசட் என்னும் எழுத்துகளால் குறிக்கும் வழக்கமும் அந்நூலினால் நிலைபெற்றது. இன்று பள்ளி மாணவர் கட்டத்தாளில் வரைபடம் வரையும்போது கையாளும் ஆயமுறை, அவருடைய இலத்தீன் பெயரான கார்ட்டீசியசு என்பதையொட்டிக் கார்ட்டீசியன் முறை என வழங்குகின்றது.

எல்லாவற்றையும் ஐயுற்றாலும் ஐயுறுகின்ற தான் ஒருவன் உண்டு என்பதை ஐயுறல் இயலாது என்னும் முடிவே அவருடைய மெய்ப்பொருள் ஆராய்ச்சியின் அடிக்கல். சிந்திப்பவன் இருக்கின்றான் என்னும் அவ்வடிக்கல்லின்மீதே அவர் தம் கொள்கை மாளிகையை எழுப்பினார். அவர் கருத்துகளை ஏற்றோரும் மறுத்தோரும் பலராயினர். போகீமியா நாட்டு எலிசபெத்து இளவரசி அவருக்குக் கடிதங்கள் வாயிலாகக் கூரிய வினாக்களை விடுத்து, அவரை மேலும் ஆழ்ந்து சிந்திக்கச் செய்தார்.

புகழ் வளர்ந்த காலத்திலேயே துயரமும் வந்தது. அவருக்குப் பிரான்சீன் என்னும் மகள் இருந்தாள். அவளுக்கு நல்ல கல்வி அளிக்க வேண்டுமென்று தந்தை எண்ணியிருந்தார். 1640ஆம் ஆண்டில், தன் ஐந்தாம் வயதில், செம்புள்ளிக் காய்ச்சலால் அக்குழந்தை இறந்தது. உலகிற்கு அறிவு வழியைக் காட்டிய பேரறிஞர், மகளை இழந்த தந்தையாக நின்று கண்ணீர் சிந்தினார். அதே ஆண்டில் அவருடைய தந்தையாரும் காலமானார்.

இறுதிக் காலம்

சுவீடன் நாட்டை அப்பொழுது ஆண்டவர் கிறிசுத்தீனா அரசியார். இளமையிலேயே கல்வியில் பெருவேட்கை கொண்ட அவ்வரசியார் டேக்கார்ட்டைத் தம் அவைக்கு அழைத்தார். குளிர் மிகுந்த அந்நாட்டிற்குச் செல்ல அவர் முதலில் தயங்கினார். பின்னர் இசைந்து 1649ஆம் ஆண்டில் சுடாக்கோம் நகரை அடைந்து, பிரெஞ்சுத் தூதர் சானு என்பவரின் இல்லத்தில் தங்கினார். அரசியார் பாடங் கேட்க வகுத்த நேரம் விடியற்காலை ஐந்து மணி! காலையில் நெடுநேரம் படுக்கையிலிருந்து சிந்திக்கும் பழக்கமுடைய அவர், பனிக்காலத்து இருளில் அரண்மனைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. சின்னாளில் நுரையீரல் அழற்சி கண்டது. 1650ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 11ஆம் நாள், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஏடுகளின் பயணம்

அவர் விட்டுச் சென்ற கையெழுத்து ஏடுகள் சானுவின் பொறுப்பில் இருந்தன. 1653ஆம் ஆண்டில் அவை ஒரு பெட்டியில் வைக்கப்பெற்று, பாரிசில் வாழ்ந்த சானுவின் மைத்துனர் கிளெர்செலியே என்பவருக்கு அனுப்பப்பெற்றன. ரூவான் துறை வரையில் கடல்வழியே நலமாக வந்தன. அங்கிருந்து சேன் ஆற்றின்மேல் பாரிசை நோக்கி வந்த படகு, நகரை அடைந்த நிலையில், லூவர் அரண்மனைக்கு அருகே கவிழ்ந்தது. பெட்டி ஆற்றில் மூழ்கியது. பேரறிஞர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு மூன்று நாள்கள் நீருள் கிடந்தது. பின்னர்ப் பெட்டி கண்டெடுக்கப்பெற்றது. நனைந்த ஏடுகளைப் பிரித்து அறைகளில் பரப்பி உலர்த்தினர். அதனால் அவற்றின் வரிசை குலைந்து போயிற்று. அவற்றைச் சீர்செய்வதில் கிளெர்செலியே ஆண்டுக்கணக்கில் உழைத்தார்.

செருமானிய நாட்டு இளைஞர் லைப்னிட்சு 1672 முதல் 1676 வரை பாரிசில் தங்கியிருந்தார். பிற்காலத்தில் பெருங்கணித மேதையென விளங்கிய அவர், டேக்கார்ட்டின் ஏடுகள் இருப்பதையறிந்து கிளெர்செலியேயை அணுகிச் சிலவற்றைத் தம் கையாலேயே படியெடுத்துக்கொண்டார். திண்மங்களின் கோணங்களைப் பற்றிய குறிப்பும் அவற்றுள் ஒன்று. அப்படி அவருடைய பிற தாள்களோடு அனோவர் நகரை அடைந்தது. மூல ஏடு மறைந்தது. யாரும் அதனை மீண்டும் காணவில்லை. படியும் தாள்குவியலில் மறைந்து கிடந்தது.

இதற்கிடையே, 1750ஆம் ஆண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை வேறொரு வழியாக இவ்வுண்மையின் அருகே வந்தார். திண்மத்தின் முனைகளையும் முகங்களையும் கூட்டினால் விளிம்புகளைவிட இரண்டு மிகுதியாக இருக்கும் என்று அவர் கண்டு, தம் நண்பர் கோல்டுபாக்குக்கு எழுதினார். கனசதுரத்தில் முனைகள் எட்டு, முகங்கள் ஆறு, விளிம்புகள் பன்னிரண்டு. எட்டும் ஆறும் பதினான்கு. அது பன்னிரண்டினும் இரண்டு மிகுதி. டேக்கார்ட்டின் ஏட்டைப் பற்றி ஆய்லர் ஏதும் அறியார்.

இவ்விரு விதிகளும் ஒரே உண்மையின் இரு முகங்கள். ஒரு முகத்தின் பக்க எண்ணிக்கையிலிருந்து இரண்டைக் குறைத்து 180 பாகையால் பெருக்கினால் அம்முகத்தின் கோணத்தொகை கிடைக்கும். ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகங்களுக்குப் பொதுவாதலால், எல்லா முகங்களின் பக்கங்களும் சேர்ந்து விளிம்புகளின் இருமடங்காகும். ஆகவே விளிம்புகளிலிருந்து முகங்களைக் கழித்து 360ஆல் பெருக்கினால் முகக்கோணங்கள் அனைத்தின் தொகையும் வரும். அதனை, முனை ஒன்றிற்கு 360 பாகை வீதம் வரும் தொகையிலிருந்து கழித்தால் குறைகளின் மொத்தம் கிடைக்கும். அஃதாவது, முனைகளையும் முகங்களையும் கூட்டி விளிம்புகளைக் கழித்து 360ஆல் பெருக்கியதே குறைகளின் மொத்தம். ஆய்லர் விதிப்படி அங்ஙனம் கழிக்க எஞ்சுவது இரண்டு. இருமடங்கு 360 என்பது 720. டேக்கார்ட் நின்ற இடத்திலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் ஆய்லரின் விதி. ஆயினும் அவ்வோரடியை எடுத்து வைத்து விளிம்புகளை எண்ணி விதி கூறிய பெருமை ஆய்லருக்கே உரியது.

அனோவரில் கிடந்த படியைப் பிரெஞ்சு அறிஞர் பூசே டி காரெய் கண்டெடுத்து 1860ஆம் ஆண்டில் அச்சிட்டார். டேக்கார்ட் இறந்து இருநூற்றுப்பத்து ஆண்டுகள் சென்றபின், அவர் திண்மங்களில் கண்ட விதி உலகறிந்ததாயிற்று. லைப்னிட்சு என்னும் இளைஞர் பிறர் ஏட்டைப் படியெடுக்கும் சிறு உழைப்பை மேற்கொள்ளாதிருந்தால், டேக்கார்ட் அதனைக் கண்டார் என்னும் செய்தியே அழிந்து போயிருக்கும்.

முடிவுரை

நோயுற்ற சிறுவராய்ப் படுக்கையில் கிடந்து சிந்தித்தவர், உலக அறிவின் போக்கையே மாற்றினார். ஆராயாது எதனையும் ஏலாமை, எளியதில் தொடங்குதல், முற்றிலும் எண்ணிப் பார்த்தல் ஆகியவையே அவர் விட்டுச் சென்ற செல்வம். அரசரின் ஆணையால் உண்மை உண்மையாகிவிடாது. ஆற்று வெள்ளத்தால் அது பொய்யாகிவிடவும் மாட்டாது. ஏடு மறைந்தபோதும் ஒவ்வொரு கனசதுரத்தின் எட்டு முனைகளிலும் அவ்விதி எழுதப்பட்டே இருந்தது. ஆயினும் கண்டவர் எழுதி வைத்தலும், எழுதியதைப் பிறர் பேணிக் காத்தலும் இல்லையேல், வழிவழி வருவோர் ஒவ்வொருவரும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியவராவர்.

ஒரு தாளை எடுத்து வெட்டி மடித்து ஒட்டி, அதன் முனைகளைத் தானே அளந்து பார்க்கும் மாணவன், டேக்கார்ட்டின் சொல்லை நம்புகின்றவன் அல்லன். அவர் நடந்த வழியிலே தானும் நடக்கின்றவன் ஆவான். அப்பேரறிஞர் விரும்பியதும் அதுவே.